தெற்கில் மிதமான மாரி

இத்தாலியை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் பத்தாயிரம் தடவை மூன்றாக மடித்திருக்கிறேன். பென்ரோஸில் உள்ள ஓர் அச்சகத்தில் மடிப்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று தாள் ஊட்டுவதுதான் ஆக்லாந்தில் எனக்குக் கிடைத்த உத்தியோகம். அதற்கு முன் பதினான்கு வருடம் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்தவன். இங்கே வந்து விண்ணப்பித்த பள்ளிக்கூடங்களில் எல்லாம் என்னுடைய ஆங்கிலம் பிள்ளைகளுக்கு விளங்காது என்றார்கள். இயந்திரத்துக்கு விளங்கியது. ஏரம்பமூர்த்தி என்ற என் பெயர் அங்கே முக்கால்வாசிப் பேருக்கு வாயில் நுழையாது. மூர்ட்டி என்று கூப்பிடுவார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு கார்த்திகை மாதம் ஒரு பயணக் கம்பனியின் துண்டுப் பிரசுரம் அச்சுக்கு வந்தது. இத்தாலியில் எந்தப் பகுதிக்கு எந்தப் பருவத்தில் போகலாம் என்று சுற்றுலாக்காரருக்குச் சொல்லும் பிரசுரம். முகப்பில் ஒரு பெரிய குடைக்குக் கீழே வெள்ளைக்காரச் சோடி ஒன்று ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்தது. உள்ளே நாடு முழுவதையும் வடக்கிலிருந்து தெற்காகக் கூறு போட்டிருந்தார்கள். மிலானில் சனவரி மாதம் பகலில் ஐந்து பாகை, இரவில் உறைநிலை. சமவெளியில் நாட்கணக்காகப் பனிமூட்டம். மலைப் பக்கம் இடுப்பளவு உறைபனி. ரோமில் காலையில் மூன்று, மத்தியானம் பன்னிரண்டு. ஓகஸ்ட் மாதம் எங்கேயும் போகவேண்டாம், வெயிலையும் பூட்டிய கடைகளையும்தான் பார்க்கலாம். தெற்கே போகப் போகக் குளிர் இளகும். சிசிலியில் சனவரி மத்தியானம் பதினைந்து பாகை, பெப்ரவரியில் வாதுமை மரம் பூக்கும், ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையும் ஒரு குடையும் போதும்.

நியூசிலாந்தில் தெற்கே போனால் குளிர் ஏறும். இத்தாலியில் தெற்கே போனால் குறையும். இதை என்னோடு வேலை செய்த சமோவாக்காரருக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். வாத்தியார் வேலை போனாலும் வாத்தியாரின் வாய் போகாது என்பது யோகராணி என்னைப் பற்றி எல்லாருக்கும் சொல்வது.

பிரசுரத்தில் இருந்த எதுவும் எனக்குப் புதினமில்லை. மத்தியதரைக் காலநிலை: கோடை வெப்பமும் வறட்சியும், மாரி மிதமும் மழையும். கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். ஆனாலும் அச்சில் அதைக் கண்டபோது கனகாலம் காணாத சொந்தக்காரனைப் பஸ்ஸில் கண்டதுபோல இருந்தது. ஒரு பிரதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிளாக்ஹவுஸ் பேயில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் மனைவி யோகராணி அதை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உது சஞ்சீவன் போற நாடெல்லோ?"

"ஓம். அதுதான் கொண்டந்தனான்."

அவள் அதை ரெலிபோனுக்கு மேலே சுவரில் ஊசி குத்தி வைத்தாள்.

சஞ்சீவன் அவளுடைய கடைசித் தம்பி. தாய் சாகும்போது அவனுக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு தீத்தியதும், இரவில் முட்டு வந்து மூச்சு இழுக்கும்போது மடியில் இருத்தி நெஞ்சைத் தடவியதும் யோகராணிதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவனைத்தான் பிள்ளை என்று வைத்திருந்தாள். இப்போது அவனுக்கு இருபத்துநாலு. கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தபோது பொலிஸார் இரண்டு முறை பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் முறை விட்டபோது ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. நியூசிலாந்துக்கு எடுக்க எழுதினோம். குடிவரவுப் புள்ளி காணாது என்று பதில் வந்தது. மூன்றாம் முறை பிடித்தால் திரும்பி வரமாட்டான் என்ற பயத்தில், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனிடம் ஒப்படைத்தோம். அவன் சஞ்சீவனை ஆடி மாதம் துருக்கி வரைக்கும் கொண்டுபோனான். இஸ்தான்புலில் ஒரு வீட்டின் மேல் அறையில் இருபது பேரோடு போட்டுவிட்டு, இத்தாலிக்கு இந்தா நாளைக்கு, இந்தா நாளையிண்டைக்கு என்று ஐந்து மாதம் கடத்திவிட்டான்.

ஒவ்வொரு ஞாயிறும் டெயரி என்று இங்கே சொல்லும் மூலைக்கடையில் போன் கார்ட் வாங்கி, காலை எட்டு மணிக்கு அந்த வீட்டுக்கு எடுப்போம். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு. நான் அவனோடு ஒரு நிமிடம் கதைத்தால் யோகராணி ஒன்பது நிமிடம் கதைப்பாள். சாப்பிட்டியோ, மருந்து இருக்கோ, காதுக்குள்ளை எண்ணெய் விட்டனியோ என்ற கேள்விகள்தான்.

தைப்பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை யோகராணி வீட்டில் இல்லை. அவள் நியூ லின்னில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். அன்றைக்கு யாரோ வராததால் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். நான் தனியாக எடுத்தேன்.

"அத்தான், அக்கா நிக்கிறாவோ?"

"வேலைக்குப் போட்டா. எப்பிடித் தம்பி, சுகமோ?"

"இருக்கிறன். அக்கா இல்லாததும் நல்லதுதான். ஒரு விஷயம் கேக்கவேணும். ஏஜென்சிக்காரன்ர ஆள் வந்து ரெண்டு வழி இருக்கெண்டு சொல்லுறான். ஒண்டு, லொறியில கொண்டுபோய் எல்லைக் காட்டுக்குள்ள விடுவாங்கள். ரெண்டு இரவு மலையால நடந்து இத்தாலியின்ர வடக்குப் பக்கம் இறங்கவேணும். மற்றது கடலால. போட்டில ஏத்தினா நேர தெற்கு இத்தாலி. நாளைக்கிடையில முடிவு சொல்லட்டாம்."

"சித்திரை மட்டும் பொறுக்கேலாதோ? ஒரு மூண்டு மாதம்."

"அறையை விடப்போறாங்களாம் அத்தான். ஏதோ ஒண்டில போகத்தான் வேணும். நீங்கள் ஜியோகிரபி படிப்பிச்சனீங்கள். நீங்கள் சொன்னாச் சரி."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லவேண்டும். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது. ஒரு பிள்ளையின் உயிரைப் பற்றிய கேள்வி என்று பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மூன்று வருடத்துக்கும் மேலாக என்னிடம் ஒருவரும் ஒரு பாடமும் கேட்டதில்லை. தாள் சிக்கிவிட்டதா, பெட்டி கட்டியாயிற்றா என்றுதான் கேட்டார்கள். நான் ரெலிபோன் வயரை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். வகுப்பில் நிற்பதுபோல நின்றேன்.

"கவனமாக் கேள் தம்பி. வடக்கில இப்ப உறைபனி. இரவில சைபருக்குக் கீழ போகும். உனக்கோ முட்டு வருத்தம். குலசிங்கத்தாற்ற அக்காவின்ர பெடியனுக்கு நடந்தது தெரியும்தானே?"

குலசிங்கம் எங்கள் தெருவிலேயே இருந்த சிநேகிதர். அவருடைய மருமகன் முந்திய வருடம் இப்படித்தான் ஒரு பனிக்காட்டால் நடந்துபோய்க் கால்விரல் மூன்றை வெட்டிக் கொடுத்துவிட்டு ஜெர்மனியில் நொண்டிக்கொண்டிருந்தான். எங்கள் சனங்களுக்கு ஐரோப்பா என்றால் குளிர்தான் எமன். வெயிலில் பிறந்தவர்கள் வேறெதற்கும் அவ்வளவு பயப்பட மாட்டோம்.

"ஓம், கேள்விப்பட்டனான்," என்றான் சஞ்சீவன்.

"அப்ப வடக்கில தலை வைச்சும் படுக்காத. தெற்கு அப்பிடியில்லை. மிதமான மாரி. பதினைஞ்சு பாகை. நுவரெலியாக் குளிரை நினைச்சுக்கொள், அவ்வளவுதான். அங்க இன்னும் ஒரு மாதத்தில மரமெல்லாம் பூத்திடும்."

சுவரில் இருந்த பிரசுரத்தைப் பார்த்து ஊர் ஊராக வாசித்தேன். காற்று எந்தத் திசை, மழை எத்தனை நாள் எல்லாம் சொன்னேன். கார்ட்டில் பத்து நிமிடம் இருந்தது. ஒன்பதரை நிமிடம் நானே கதைத்தேன். அவன் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத காதில் ரிசீவரை வைத்திருக்கிறானோ என்றுகூட நினைத்தேன்.

கடைசியில், "அப்ப கடலோ அத்தான்?" என்றான்.

"கடல்தான்."

"சரி. அக்காவுக்குச் சொல்லுங்கோ," என்றான். லைன் அறுந்தது.

அக்காவுக்குச் சொன்னேன், ஆனால் சொன்னதில் பாதி பொய். யோகராணி யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போது கிளாலிக் கடலை இருட்டில் வள்ளத்தில் தாண்டி வந்தவள். நடுக்கடலில் பக்கத்து வள்ளத்துக்குச் சூடு விழுந்ததைக் கண்டவள். இங்கே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் மணலில் ஏறி நிற்பாளே தவிர கால் நனைக்க மாட்டாள். ஆகவே, ஏஜென்சிக்காரன் கடலால் கொண்டுபோகிறானாம், அவன் முடிவெடுத்துவிட்டான், நாங்கள் ஒன்றும் செய்ய ஏலாது என்று சொன்னேன். அவள் சாமித்தட்டுக்கு முன் போய் இருந்தவள் சமைக்கக்கூட எழும்பவில்லை. நான்தான் பாண் வாங்கி வந்தேன்.

வியாழக்கிழமை ஆக்லாந்தில் புயல். வடக்கே வெப்பக் கடலில் பிறந்த ஏதோ ஒன்று வால் நீட்டி எங்களையும் தட்டிவிட்டுப் போனது. கோடையின் நடு, வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது சட்டை முதுகோடு ஒட்டும் புழுக்கம். பஸ் எங்கள் தெருவுக்குள் திரும்ப முடியாமல் கடைத்தெருவிலேயே இறக்கிவிட்டது. மரம் ஒன்று முறிந்து குறுக்கே கிடந்ததாம். நான் கடற்கரைப் பாதையால் சுற்றி நடந்தேன். குடை இரண்டு நிமிடத்தில் எலும்பாகிவிட்டது.

குடாவுக்குள் கட்டியிருந்த சின்னப் படகுகள் குதித்துக்கொண்டிருந்தன. ஒன்று கயிறறுந்து கல்லில் மோதிப் பக்கம் பிளந்து கிடந்தது. மழை முகத்தில் அடித்தது, ஆனால் குளிரவில்லை. இதுகூட மிதமான காலநிலைதானே என்று முட்டாள்தனமாக நினைத்தேன். நினைத்த மறுகணம் நடுப்பாதையில் நின்றுவிட்டேன்.

மத்தியதரைப் பகுதியில் மாரியில் ஏன் மழை பெய்கிறது? மேலைக்காற்றோடு தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கடலைத் தாண்டிப் போவதால். மூன்று புள்ளிக் கேள்வி. பதினான்கு வருடமும் ஏதோ ஒரு தவணைச் சோதனையில் அதைக் கேட்டிருக்கிறேன். எழுதாமல் விட்ட பிள்ளைகளுக்குச் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறேன். தாழமுக்கம் என்றால் என்னவென்று வங்காள விரிகுடாவுக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மீன்பிடிக்க ஒருவனும் போகாத நாள் அது. அந்த மூன்று புள்ளியையும் நான் சஞ்சீவனுக்குச் சொல்லவில்லை. பதினைந்து பாகை, நுவரெலியா, வாதுமைப் பூ என்று அளந்துவிட்டு வைத்துவிட்டேன்.

டெயரிக்கு ஓடினேன். கடைக்கார குஜராத்திப் பெண் என் கோலத்தைக் கண்டு துவாய் ஒன்று நீட்டினாள். வாங்காமல் கார்ட்டைப் பறித்துக்கொண்டு வெளியே இருந்த ரெலிபோன் பெட்டிக்குள் போனேன். வீட்டில் யோகராணி இருந்தாள். அவளுக்கு முன் கேட்கத் தைரியமில்லை.

அந்தப் பக்கம் விடியற்காலை. பழக்கமில்லாத குரல் ஒன்று நித்திரையில் எடுத்தது.

"சஞ்சீவனோ? அவையள் செவ்வாய்க்கிழமை வெளிக்கிட்டிட்டினம் அண்ணை. பதினாலு பேர்."

"மலையாலயோ?"

"மலைக்காரர் திங்களே போட்டினம். இவையள் கடலுக்கு. இஞ்சயும் நேற்றிலயிருந்து நல்ல காத்து அண்ணை, யன்னல் ஒண்டு கழண்டு போட்டுது."

அவன் வேறு என்னவோ சொன்னான். நான் வைத்துவிட்டேன்.

மாசி முடிந்தது. செய்தி இல்லை. பங்குனியில் ஏஜென்சிக்காரன் ஒருமுறை ரெலிபோனில் அகப்பட்டான். பிடிபட்டு உள்ளுக்கை இருக்கினம், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ என்று சிரித்துக்கொண்டு சொன்னான். அடுத்த கிழமை அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. யோகராணி அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டாள். இத்தாலியில் சிறை. சிறை என்றால் சாப்பாடு கொடுப்பார்கள், கூரை இருக்கும், டொக்டர் இருப்பார். வெலிங்டனில் உள்ள இத்தாலித் தூதரகத்துக்கு ரெலிபோன் எடுத்தாள். காணாமற்போனவர்களைத் தேடும் இடங்களுக்கெல்லாம் படத்தோடு எழுதினாள். பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது அவளுடைய குரல் ஒருமுறைகூட நடுங்கியதில்லை. பதில்கள் வந்தன, மரியாதையான பதில்கள். அப்படி ஒருவரைப் பற்றி எங்களிடம் பதிவில்லை.

நான் கோழை. எழுதி வைக்கவேண்டியது அதுதான். ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். அவள் கடிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, "சிசிலியிலயும் சிறை இருக்கோ, இல்லாட்டி வடக்குக்குக் கொண்டுபோயிருப்பாங்களோ?" என்று என்னையே கேட்பாள். நாட்டுப்படத்தை விரித்து நானும் விரல் வைத்துக் காட்டுவேன். பொய்யிலும் எனக்குப் பாடம் நடத்தத் தெரிந்திருந்தது.

அச்சகத்தில் ரவிசங்கர் என்று மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பவன். அந்தப் பிரசுரத்தை அமைத்ததும் அவன்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் கேட்டேன், கம்பனிக்காரர் கடலைப் பற்றி ஏதாவது எழுதித் தந்து இடம் போதாமல் வெட்டினீர்களா என்று. யார்மேலாவது பழியைப் போடலாமா என்ற நப்பாசை.

"இல்ல சார், அவங்க கொடுத்தது அவ்வளவுதான். ஏன் கேக்கறீங்க?"

"மாரியில கடல் எப்பிடியெண்டு ஒரு வரி போட்டிருக்கலாம்."

"டூரிஸ்ட்டுக்கு அது எதுக்கு சார்? கடல் சரியில்லன்னா கப்பல் போகாது. அவங்க ஓட்டல்ல உக்காந்து ரெண்டு நாள் ஒயின் குடிப்பாங்க. அப்புறம் போவாங்க."

அவன் தயிர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே இயந்திரத்துக்குத் திரும்பினேன்.

சித்திரையில் குலசிங்கம் வந்தார். நல்ல மனிதர், ஆனால் வாயில் பூட்டு இல்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளை யோகராணி, மூண்டு மாதமாச்சு. ஆத்துமா அலையக்கூடாது. ஐயரைக் கூப்பிட்டு ஒரு கிரியையைச் செய்து போடுங்கோ," என்றார்.

யோகராணி எழுந்து அவருடைய கோப்பையை எடுத்தாள்.

"அண்ணை, உங்கட மருமகன் மூண்டு விரலைக் குடுத்துத் தப்பினவன். என்ர தம்பி முழுசா இருக்கிறான். இனி இந்தக் கதையோட இஞ்ச வராதேங்கோ."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவள் கோப்பையைக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவினாள். நான் கதிரையிலேயே இருந்தேன். அவள் அவரைத் துரத்தியதில் எனக்கு வந்தது நிம்மதி. அவன் உயிரோடு இருக்கும்வரைக்கும் நான் ஒன்றும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை அல்லவா?

வைகாசியில் ஒரு ஞாயிறு. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, காலையில் யன்னலின் உட்பக்கம் வேர்த்திருந்தது. யோகராணிக்கு அன்று லீவு. அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு ரெலிபோன் அடித்தது. வெளிநாட்டு அழைப்பு என்பது அந்த ஒரு விநாடி இடைவெளியிலேயே தெரிந்துவிட்டது.

"ஹலோ, ஆக்லாந்தோ? சஞ்சீவன் அண்ணையின்ர அத்தானோ கதைக்கிறது?"

இளம் குரல். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓம். நீங்கள் ஆர்?"

"நான் திலக்சன். அண்ணையோட இஸ்தான்புல்லில ஒரே அறையில இருந்தனான். இப்ப ஜெர்மனியில. வந்து சேர்ந்து ரெண்டு மாதம் ஆஸ்பத்திரியில கிடந்தனான், பிறகு அகதிக் காம்பில ரெலிபோன் எடுக்க வழியில்லை. குறை நினைக்காதேங்கோ. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் முதல் எடுக்கிறன்."

"எனக்கு ஏன் தம்பி நன்றி?"

"அண்ணைதானே முதல் மலைக்குப் பேர் குடுத்திருந்தவர். நான் கடலுக்கு. எனக்கெண்டாக் கடல் சரியான பயம். அந்தச் சனிக்கிழமை இரவு உங்களோட கதைச்சுப்போட்டு வந்து, அத்தான் தெற்குத்தான் நல்லதெண்டு சொல்லிப்போட்டார், அவர் படிச்ச மனிசன், நீ என்ர இடத்தை எடு எண்டு தானாய் மாத்தித் தந்தவர். தன்ர தடிச்ச ஜக்கெற்றையும் கழட்டித் தந்தவர். அங்க சூடாம், தனக்குத் தேவையில்லையாம். அது இல்லாட்டி நான் அந்தப் பனிக்குள்ள முடிஞ்சிருப்பன். இப்பவும் வைச்சிருக்கிறன், தோச்சு மடிச்சு வைச்சிருக்கிறன். குடுக்கவேணும். அண்ணை இத்தாலியிலயோ, அங்க வந்திட்டாரோ? நம்பரை ஒருக்காத் தாங்கோ."

அவன் ஹலோ, ஹலோ என்றான்.

"ஆர் அது?" யோகராணி கரண்டியோடு வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். கரண்டியை ரெலிபோன் மேசையில் வைத்துவிட்டு ரிசீவரை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"நான் அக்கா கதைக்கிறன். சொல்லுங்கோ தம்பி."

அவன் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னான் போலும். அவள் ஓம், ஓம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. தோசை கருகும் மணம் வந்தது. நான் போய் அடுப்பை நிறுத்திவிட்டு வந்தேன்.

"முதல் போய்ச் சேர்ந்த ஆள் இஞ்ச எடுக்கிறதெண்டு கதைச்சு வைச்சனீங்களோ?" என்று அவள் கேட்டாள். "ஓம். ஓம் தம்பி. இந்த நம்பரை அவன் பாடமாக்கி வைச்சிருந்தவன், எனக்குத் தெரியும். எந்த நிற ஜக்கெற் தம்பி? நீலமோ."

பிறகு அவளுடைய குரல் வேறாக வந்தது. முதியோர் இல்லத்தில் கிழங்களுக்கு மருந்து கொடுக்கும்போது வைத்திருக்கும் குரல்.

"அவன் சுகமா இருக்கிறான் தம்பி. ஓம், அங்கதான், ஒரு தோட்டத்தில வேலை. அந்த இடத்தில ரெலிபோன் இல்லை. நீங்கள் எடுத்தனீங்களெண்டு சொல்லுறன். அந்த ஜக்கெற்றை அனுப்பாதேங்கோ, நீங்களே போடுங்கோ. அவன் இனிப் போடமாட்டான், அவனுக்கு அங்க சூடு. உங்கட அம்மாவுக்கு எழுதினீங்களோ? எழுதுங்கோ. நல்லாச் சாப்பிடுங்கோ. வைக்கிறன் அப்பன்."

ரிசீவரை மெதுவாக வைத்தாள். இரண்டு கையாலும் வைத்தாள்.

"மலைக்குத்தான் பேர் குடுத்திருந்தவனாம்," என்றாள்.

"ஓம்."

"நீங்கள் சொல்லித்தான் மாத்தினவனாம்."

"ஓம் யோகம். நான்தான் சொன்னனான். ஏஜென்சிக்காரன் இல்லை. நான்."

நாலு மாதமாகத் தொண்டையில் நின்றது கடைசியில் இப்படி நாலு சொல்லில் வெளியே வந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையிலடித்துக் கத்துவாள், அயலவர் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று நினைத்தேன். அவள் தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். மேசையில் பரப்பியிருந்த தூதரகக் கடிதங்களை அடுக்கி ஒரு உறையில் போட்டாள். நான் அவள் பின்னால் ஒவ்வோர் அறையாகப் போனேன்.

"யோகம், ஏதாவது சொல்லு."

அவள் அலமாரியைத் திறந்து துவாய் ஒன்றை எடுத்தாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அழுகை கேட்டது. அந்த நாலு மாதத்தில் ஒருநாளும் கேட்காத அழுகை, வயிற்றிலிருந்து வருவது. தம்பி, தம்பி என்று தண்ணீருக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவில் கை வைத்தபடி நான் வெளியே நின்று அழுதேன். உள்ளே போக எனக்கு உரிமை இருப்பதாகத் தெரியவில்லை.

கனநேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, உடுத்த சேலையோடேயே நனைந்து நின்றாள். செத்த செய்தி கேட்டால் எங்கள் ஆட்கள் தோய்வதுபோலத் தோய்ந்திருந்தாள்.

"ஐயரிட்ட நாள் கேளுங்கோ," என்றாள். பிறகு எனக்கு வழிவிட்டு விலகி நின்றாள். "நீங்களும் தலை தோயவேணும். சிலிண்டர்ல சுடுதண்ணி முடியப்போகுது, கெதியா வாங்கோ."

நான் உள்ளே போனேன். சுடுதண்ணீர் முடிந்திருந்தது.